மஞ்சள் எல்லாம் மங்கலமா?

மஞ்சள் என்ற சொல்லைக் கேட்டதுமே நம் நெஞ்சில் மங்கலம் தோன்றுகிறது. பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்து. திருமண அழைப்பிதழின் நான்கு மூலைகளிலும் மஞ்சள். புதுக் கணக்கு நோட்டின் முதற் பக்கத்திலும் மஞ்சள். ஆயினும் தோழியரே, மஞ்சள் நிறத்தைக் கண்டு ஒரு தாய் விழித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் கண்களும் தோலும். அந்த மஞ்சளைப் பற்றியும், அதை அளந்து காட்ட ஜப்பான் நாட்டு விலாங்கு மீன் ஒன்று செய்யும் உதவியைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

விலாங்கு மீனுக்கும் எனக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். உறவு என் அண்ணன் வழியாக வந்தது.

என் அண்ணன் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அவருக்குக் காது கேளாது. கைகளும் கால்களும் அவர் சொன்னபடி கேளாமல் நெளிந்து திரும்பும். ஒரு தம்ளர் தண்ணீரை வாய்க்குக் கொண்டுபோவது அவருக்கு ஒரு மலையேற்றம். மேலே பறக்கும் காக்கையைப் பார்க்க வேண்டுமானால் கண்களை மட்டும் உயர்த்த அவரால் முடியாது. தலையையே பின்னால் சாய்க்க வேண்டும். ஆனால் அறிவில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. செய்தித்தாளை என்னைவிட வேகமாகப் படிப்பார். எழுத்துகள் ஒட்டிய ஒரு பலகை வைத்திருக்கிறார். அதில் விரலை நகர்த்தி நகர்த்திப் பேசுவார். அவர் செய்யும் கேலிகளுக்கு எங்கள் வீட்டில் யாரும் தப்ப முடியாது.

அவர் பிறந்தபோது நல்ல குழந்தையாகத்தான் பிறந்தாராம். இரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் உடல் மஞ்சளாக இருந்தது. "எல்லாக் குழந்தைக்கும் வருவதுதான்" என்றார்கள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்ததைக் கண்டு அம்மா பயந்து மறுபடியும் தூக்கிக்கொண்டு ஓடினார். அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தச் சிறிய ஊரில் இரத்தம் எடுத்தார்கள். அது போதாது என்று மறுபடியும் எடுத்தார்கள். முடிவு மறுநாள் பிற்பகல்தான் வந்தது. அதற்குள் குழந்தை வில்லைப்போலப் பின்னால் வளையத் தொடங்கிவிட்டது. பெரிய ஊருக்குக் கொண்டுபோய் உடலின் இரத்தத்தையே மாற்றினார்கள். உயிர் பிழைத்தது, ஆனால் மூளையில் பட்ட வடு அப்படியே நின்றுவிட்டது.

இதை அம்மா என்னிடம் சொன்னபோது யாரையும் குறை கூறவில்லை. "ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா..." என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் நான் பல நாட்களாக யோசித்து வருகிறேன்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? கோ-கோ விளையாடி முழங்காலில் அடிபட்டவர்கள் இதைத் தங்கள் காலிலேயே பார்த்திருப்பீர்கள். கன்றிய இடம் முதலில் கருநீலமாக இருக்கும், பிறகு பச்சையாகும், கடைசியில் மஞ்சளாகி மறையும். தோலுக்கடியில் கசிந்த இரத்தத்தின் சிவப்புப் பொருள் உடைந்து, முதலில் பிலிவெர்டின் என்னும் பச்சைப் பொருளாகவும், பிறகு பிலிருபின் என்னும் மஞ்சள் பொருளாகவும் மாறுவதே இதற்குக் காரணம். நம் உடல் முழுவதும் நாள்தோறும் பழைய சிவப்பணுக்கள் அழிந்து, இந்தப் பிலிருபின் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. கல்லீரல் அதை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரோடு வெளியேற்றிவிடுகிறது.

பிறந்த குழந்தைக்கோ சிவப்பணுக்கள் அதிகம். அவற்றின் ஆயுளும் நம்முடையதைவிடக் குறைவு. கல்லீரலோ அப்போதுதான் வேலை பழகுகிறது. ஆகவே நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 60 பேருக்கும், குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேருக்கும் முதல் வாரத்தில் மஞ்சள் தோன்றுகிறது. பெரும்பாலும் அது தானாகவே மறைந்துவிடும். பெரியவர்களின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் என்ற அளவில் இருப்பது, சில குழந்தைகளுக்கு 20, 25 என்று ஏறிவிடுவதும் உண்டு. அப்போது கல்லீரலால் மாற்றப்படாத பிலிருபின் மூளைக்குள் புகுந்துவிடும். கேட்கும் புலனையும், அசைவுகளை அடக்கி நடத்தும் பகுதிகளையும், விழிகளை உயர்த்தும் இடத்தையும் அது தாக்குகிறது. பாடப் புத்தகத்தை மூடிவிட்டு என் அண்ணனைப் பார்த்தால் இந்த வரிகள் அத்தனையும் அங்கே இருக்கின்றன.

இந்த நோய்க்கு மருந்து கண்ட கதையில் ஒரு சிஸ்டர் வருகிறார் என்றால் நம் பள்ளியில் எல்லோருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். அவர் கன்னியர் அல்லர். இங்கிலாந்தில் மருத்துவமனைப் பிரிவுக்குப் பொறுப்பான மூத்த தாதியை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் பெயர் சிஸ்டர் வார்டு. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்து ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளைப் பேணி வந்தார். வெயிலும் நல்ல காற்றும் குழந்தைகளுக்கு நல்லவை என்பது அவருடைய நம்பிக்கை. வெயில் நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார். 1956-ஆம் ஆண்டில் ஒரு நாள், மருத்துவர்கள் சுற்றிப் பார்க்க வந்தபோது ஒரு குழந்தையின் ஆடையை விலக்கிக் காட்டினார். உடல் வெளுத்திருந்தது, ஒரு முக்கோணப் பகுதி மட்டும் நல்ல மஞ்சளாக இருந்தது. அந்த இடத்தைத் துணியின் மூலை மூடியிருந்ததால் அங்கு வெயில் படவில்லை!

சில வாரங்களுக்குப் பின், அதே மருத்துவமனையில் வெயில் படும் ஜன்னலோரம் மறந்து வைத்த ஓர் இரத்தக் குழாயில் பிலிருபின் குறைந்திருப்பது தெரிந்தது. டாக்டர் கிரீமரும் அவருடைய துணைவர்களும் இதை ஆராய்ந்து, நீல ஒளி விளக்குகளின் கீழ்க் குழந்தையைக் கிடத்தும் முறையை அமைத்து 1958-இல் வெளியிட்டார்கள். ஒளி பட்டதும் பிலிருபினின் வடிவம் திரும்பிவிடுகிறது. திரும்பிய வடிவம் நீரில் கரைந்து, கல்லீரலின் உதவிக்குக் காத்திராமல் வெளியேறிவிடுகிறது. இன்றும் உலகெங்கும் குழந்தைகளைக் காப்பது இந்த ஒளிதான். ஒரு தாதியின் கவனமான பார்வைக்கு எவ்வளவு பெரிய பலன் பார்த்தீர்களா?

ஆனால் மருந்து இருந்தால் மட்டும் போதுமா? எந்தக் குழந்தைக்கு, எந்த நேரத்தில் வேண்டும் என்று தெரிய வேண்டும். கண்ணால் பார்த்து அளவு சொல்ல முடியாது. அதிலும் நம்மைப் போன்ற கருநிறத் தோலில் மஞ்சள் எளிதில் தெரிவதில்லை. இரத்தத்தைச் சோதிக்கத்தான் வேண்டும். ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக் 1883-இல் கண்ட ஒரு நிற மாற்றத்தை அடிப்படையாகக் கொண்ட சோதனையே மிகப் பல ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. நல்ல சோதனைதான்; ஆனால் அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும், மருந்துகள் வேண்டும், ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் வேண்டும்.

இனி விலாங்கு மீனிடம் வருவோம். அதற்கு முன் எங்கள் வேதியியல் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் வேதியியல் ஆசிரியையான சிஸ்டர், கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார்கள். "யாரும் விளக்கை நேராகப் பார்க்காதீர்கள்" என்று எச்சரித்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளையில் டானிக் வாட்டர் என்னும் கசப்புச் சோடாவை ஊற்றி, அதன்மேல் ஒளியைக் காட்டினார்கள். தெளிந்த நீராக இருந்தது மயிற்கழுத்தைப்போல நீலமாக ஒளிர்ந்தது! "ஆ!" என்று நாங்கள் எழுப்பிய சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். அதைவிட வேடிக்கை, சலவைத்தூளில் துவைத்த எங்கள் வெள்ளைச் சீருடைகளும் ஒளிர்ந்ததுதான். துணியை வெளுப்பாகக் காட்டச் சலவைத்தூளில் சேர்க்கும் பொருள் செய்த வேலை அது.

அந்தச் சோடாவில் இருந்தது குயினைன். மலேரியாவுக்குக் கொடுத்துவந்த அதே கசப்பு மருந்து. 1852-இல் ஸ்டோக்ஸ் என்ற விஞ்ஞானி இதை ஆராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை உட்கொண்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியாக அது வெளியிடுகிறது என்று விளக்கினார். இதற்கு ஃபுளோரசன்ஸ் என்று பெயரிட்டவரும் அவரே. நாம் ஒளிர்தல் என்கிறோம். ஆற்றல் மிகுந்த ஒளியை வாங்கி, சிறிதளவு ஆற்றலைத் தன்னிடம் செலவழித்து, மீதியை வேறு நிறத்தில் திருப்பித் தருவதே ஒளிர்தல். பத்து ரூபாய் கொடுத்து அனுப்பினால் இரண்டு ரூபாய்க்கு மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டு எட்டு ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும் தம்பியைப்போல என்று சிஸ்டர் சொன்னார்கள். அதன்பின் அந்தப் பாடம் யாருக்கும் மறக்கவில்லை.

இந்த ஒளிர்தலை விஞ்ஞானிகள் துப்பறியும் வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். குறிப்பிட்ட ஒரு பொருளைச் சந்தித்தால் மட்டுமே ஒளிரும்படி ஒரு மூலக்கூறை அமைத்துக்கொள்கிறார்கள். அதை ஃபுளோரசன்ட் புரோப் என்பார்கள். ஒளிர்துப்பு என்று நாம் வைத்துக்கொள்ளலாம். இருட்டு வீட்டில் ஒரே ஓர் ஆளைக் கண்டால் மட்டும் மணி அடிக்கும் காவலாளி போன்றது அது. நம் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்ஸைடு என்ற மிகச் சிறிய பொருள், பிறந்த சில நொடிகளில் மறைந்துவிடுவது. அதைக்கூட உயிருள்ள செல்லுக்குள் பார்ப்பதற்கு ஜப்பானிய வேதியியலார் நாகானோவும் அவருடைய குழுவினரும் 1998-இல் ஓர் ஒளிர்துப்பைச் செய்து காட்டினார்கள்.

நாகானோ குழுவினர் தாமே அமைத்த துப்பைப்போல், இயற்கையே அமைத்துவைத்த துப்பு ஒன்றும் உண்டு. ஜப்பானியர் விலாங்கு மீனை உனாகி என்பார்கள். அவர்களுக்கு அது விருந்து உணவு. அந்த மீனின் தசையில் பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்று இருப்பதை ககோஷிமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹயாஷி, தோடா என்னும் இருவர் 2009-இல் வெளியிட்டார்கள். பிறகு ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தில் மியாவாகியின் குழுவினர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். குமாகாய் என்னும் பெண் விஞ்ஞானி முதல் ஆசிரியராக இருந்த அந்தக் கட்டுரை 2013-இல் வெளியாயிற்று. உனாகியின் பெயரையும், பச்சைக்கான ஆங்கில எழுத்தையும் சேர்த்து அந்தப் புரதத்துக்கு உனாஜி என்று பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் ஒரு புதிர். அந்த மரபணுவைப் பாலூட்டிகளின் செல்களில் வைத்தபோது புரதம் ஒளிர்ந்தது. பாக்டீரியாவில் வைத்தபோது அதே புரதம் இருளாகவே இருந்தது. ஆகவே பாலூட்டிகளிடம் உள்ளதும் பாக்டீரியாவிடம் இல்லாததுமான ஏதோ ஒரு சிறு பொருள் அதோடு சேர்ந்தால்தான் ஒளி பிறக்கிறது என்று ஊகித்தார்கள். தேடிப் பார்த்தால் அந்தச் சிறு பொருள் வேறெதுவுமில்லை, நம் பிலிருபின்!

தனியாக இருக்கும் பிலிருபின் ஒளியை வாங்கினாலும், நெளிந்து புரண்டு அந்த ஆற்றலை வீணாக்கிவிடும். உனாஜி புரதத்தில் அதன் அளவுக்கே தைத்தாற்போல ஒரு பை இருக்கிறது. அதற்குள் சென்றதும் பிலிருபின் அசைய முடியாமல் பிடிபடுகிறது. வீணாக்க வழியில்லாததால் வாங்கிய நீல ஒளியைப் பச்சை ஒளியாகத் திருப்பித் தருகிறது. அதிலும் ஒரு சிறப்பு: கல்லீரல் மாற்றிவிட்ட பிலிருபினுக்கு அந்தப் பையில் இடமில்லை. மாற்றப்படாத பிலிருபினைத்தான், அதாவது குழந்தையின் மூளைக்குத் தீங்கு செய்யும் அந்த வகையைத்தான், அது பிடிக்கிறது. எவ்வளவு பச்சையோ அவ்வளவு பிலிருபின். இரத்தத்தின் மிகச் சிறிய அளவே இதற்குப் போதும். 2016-இல் கோபே நகரத்து மருத்துவர்கள் பச்சிளங் குழந்தைகளின் இரத்தத்திலேயே இதைச் சோதித்து, முறை பயன்படுகிறது என்று எழுதினார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் அண்ணனுக்குப் படம் வரைந்து விளக்கினேன். விலாங்கு மீனைப் பாம்பு என்று நினைத்து முதலில் சிரித்தார். பிறகு நெடுநேரம் என் படத்தையே பார்த்திருந்தார். அப்புறம் பலகையை எடுத்து விரலை மெல்ல நகர்த்தினார். "என் இரத்தமும் ஒளிருமா?" என்று கேட்டார்.

ஒளிரும் என்றேன். அவருடையது மட்டுமன்று, அம்மாவுடையது, என்னுடையது, இதைப் படிக்கும் உங்களுடையது, எல்லாமே ஒளிரும். பிலிருபின் சிறிதளவு எல்லோரிடமும் உண்டு. அளவோடு இருந்தால் அது உடலுக்குக் காவலாகவும் இருக்கிறது என்கிறார்கள். அளவு மிஞ்சினால்தான் ஆபத்து. அதைக் கேட்டு அவர் முகத்தில் வந்த சிரிப்பை என்னால் எழுத்தில் காட்ட இயலாது.

இந்த ஆண்டு எங்கள் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் கண்கள் மஞ்சளித்தன. "ஏண்டி பயப்படுறே? காலை வெயில்ல ரெண்டு நாள் காட்டினா வடிஞ்சிடும்" என்றார் பாட்டி. "வெயிலுக்கு அளவு கிடையாதும்மா. நான் ஒரு தடவை காத்திருந்தது போதும்" என்றார் அம்மா. அவ்வளவுதான், வேறு பேச்சில்லை, ஆட்டோ வந்துவிட்டது. இரத்தம் எடுத்து அன்றைக்கே அளவு சொன்னார்கள். குழந்தையின் கண்களைத் துணியால் கட்டி நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் கிடத்தினார்கள். அண்ணன் தாமும் வந்தே தீருவேன் என்றார். அந்தக் கண்ணாடியின் முன் சக்கர நாற்காலியில் அமர்ந்து, நீல வெளிச்சம் தம் முகத்தில் விழ, அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கைகள்கூட அப்போது அமைதியாக இருந்ததுபோல எனக்குத் தோன்றிற்று. குழந்தை இப்போது கைதட்டினால் திரும்பிப் பார்க்கிறாள். அண்ணன் நாள்தோறும் தவறாமல் கைதட்டச் சொல்கிறார்!

பாட்டி சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். சிஸ்டர் வார்டு கண்டதும் வெயிலின் குணத்தைத்தானே? ஆனால் வெயிலில் எவ்வளவு நேரம், எவ்வளவு ஒளி என்று அளக்க முடியாது. குழந்தையின் தோல் வெந்துவிடலாம். எல்லாவற்றையும்விடக் காலம் கடந்துவிடலாம். ஆகவே அதையே மருத்துவமாக நம்பி இருக்கக்கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள்.

தோழியரே, உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் இவற்றை நினைவில் வையுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், மஞ்சள் கால்வரை இறங்கினாலும், குழந்தை பால் குடிக்காமல் எந்நேரமும் தூங்கினாலும், கீச்சென்று அழுதாலும், உடலை வில்லாக வளைத்தாலும் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். பெற்றோர்களாகிய நீங்களும் இந்த வரிகளை ஒருமுறை படித்துப் பக்கத்து வீட்டிலும் சொன்னால், இந்த மலரில் எனக்குக் கிடைத்த பக்கங்களுக்குப் பயன் உண்டு.

இன்று எல்லா ஊர் மருத்துவமனைகளிலும் இரத்தத்தைச் சோதிப்பது உனாஜி அன்று, பழைய முறைகளே. இந்த ஒளிர்துப்பை ஒரு சிறு கருவியாக்கி, ஆய்வுக்கூடம் இல்லாத ஊருக்கும், ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை இன்னும் மீதி இருக்கிறது. அந்த வேலைக்கு வேதியியலார் வேண்டும், மருத்துவர்கள் வேண்டும், சிஸ்டர் வார்டைப்போலக் கண் திறந்து பார்க்கும் தாதியர் வேண்டும். அந்த விலாங்கு மீனும் வேண்டும்! மரியானாத் தீவுகளுக்கு அருகே ஆழ்கடலில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஜப்பானின் ஆறுகளுக்கு வந்து சேரும் அந்த உயிர், அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் 2014-இல் சேர்க்கப்பட்டது. எந்த உயிருக்குள் எந்தக் குழந்தைக்கான உதவி ஒளிந்திருக்கிறதோ, யார் அறிவார்?

நான் பொதுத் தேர்வுக்குப் பின் வேதியியல் படிக்க விண்ணப்பிக்கப் போகிறேன். விண்ணப்பத்தில் 'ஏன் இந்தப் பாடம்?' என்று கேட்டால் எழுதுவதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அண்ணன் அதைத் தம் பலகையில் முன்பே எழுத்துக் கூட்டிக் கொடுத்துவிட்டார்: "ஒரு நாள் முன்னதாகத் தெரிவதற்கு."

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி,
அறிவியல் பிரிவு